ஓதம் காக்கும் சுவர்கள்

நுழையும்முன்

வெயிலையும் மழையையும் தடுக்க மனிதன் எழுப்பிய அரண் வீடு. அவ்வரணுக்குள் ஓசையின்றி நுழையும் பகை ஈரம். கடலோர மக்கள் அப்பகையோடு பல நூற்றாண்டுகளாகப் பொருதி வந்துள்ளனர். அவர்கள் கையாண்ட முறைகளையும் அவற்றுள் பொதிந்துள்ள அறிவியலையும் தரங்கம்பாடியை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

சொல்லில் ஒளிந்திருக்கும் கடல்

தமிழில் 'ஓதம்' என்னும் சொல்லுக்குக் கடல், அலை, வெள்ளம் என்னும் பொருள்கள் உண்டு. ஈரம் என்பதும் அச்சொல்லுக்குரிய பொருளே. மழைக்காலத்தில் சுவரின் அடிப்பகுதி நனைந்தாற்போல் கறுத்துக் காணப்பட்டால், 'சுவர் ஓதம் காக்கிறது' என்று கொத்தனார் கூறுவார். அலையைக் குறிக்கும் சொல்லே சுவரில் ஏறிய ஈரத்தையும் குறிக்கிறது. கடலோர ஊர்களைப் பொறுத்தவரை இது வெறும் சொல்லொற்றுமை அன்று, உண்மையின் பதிவு. அங்கே சுவரில் ஏறும் ஈரத்தில் கடலுக்கும் பங்குண்டு.

காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில், மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் தரங்கம்பாடி. 'தரங்கம்' என்பதற்கும் அலை என்பதே பொருள். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்துகொண்ட டேனியர்கள் இங்குக் கோட்டை எழுப்பினர். 1845-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்படும்வரை இவ்வூர் அவர்கள் வசம் இருந்தது. டான்ஸ்போர்க் கோட்டையும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும், பழைய தெருக்களின் வீடுகளும் இன்றும் காற்றையும் உப்பையும் எதிர்கொண்டு நிற்கின்றன. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலோ கடலரிப்பில் தன் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

அலை மோதி இடிப்பது அனைவர் கண்ணிலும் படும். வீட்டுக்குள் ஈரம் புகுந்து அரிப்பதோ பல ஆண்டுகள் கழித்தே தெரியும். அலமாரியைத் திறந்ததும் எழும் பூசண வாடை, பெட்டியில் வைத்த பட்டுப்புடவையில் படிந்த வெண்புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பழைய நிழற்படங்கள், மழைக்காலந்தோறும் இரவில் இளைக்கும் குழந்தை ஆகிய அனைத்தும் ஒரே காரணத்தின் வெவ்வேறு அடையாளங்களாக இருக்கக்கூடும்.

பூஞ்சணம் என்பது யாது?

சுவரிலும் துணியிலும் உணவிலும் பூக்கும் பூஞ்சணம் பூஞ்சை இனத்தைச் சார்ந்த உயிரி. அதற்குப் பச்சையம் இல்லை. ஆதலால் தனக்குரிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. மரம், தாள், பருத்தி, தோல், பசை, சாயம், சுவரில் படிந்த தூசி என உயிர்ப்பொருள் கலந்த எதன்மீதும் நுண்ணிழைகளைப் பரப்பி, அப்பொருளைச் சிதைத்து உண்கிறது. அதன் விதைகளைப் போன்ற நுண்வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவினவாய்க் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை இல்லாத வீடு உலகில் இல்லை.

ஆகவே, வித்துகளை முற்றாக ஒழிப்பது இயலாத செயல். அவை முளைப்பதைத் தடுப்பதே இயல்வது. பூஞ்சணம் வளர வித்து, உணவு, வெப்பம், ஈரம் ஆகிய நான்கும் தேவை. முதல் மூன்றும் நம் வீடுகளில் எப்போதும் உள்ளவை. நம்மால் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால், பெரும்பாலும் பூஞ்சணம் வேர்கொள்வதில்லை. வீட்டுக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்குள் அடங்கியிருந்தால் அதன் வளர்ச்சி பெரிதும் ஒடுங்கும். கடலோரத்தில் மழை மாதங்களின் காலைப்பொழுதுகளில் அவ்வளவு 80 விழுக்காட்டையும் கடந்து நிற்பது இயல்பு. ஆகவேதான் உள்நாட்டு ஊர்களைவிடக் கடலோர ஊர்களில் இச்சிக்கல் கடுமையாக உள்ளது.

ஈரம் வரும் நான்கு வழிகள்

ஈரத்தைத் தடுக்க விரும்புவோர் முதலில் அது வரும் வழியை அறிதல் வேண்டும். வழி அறியாமல் செய்யப்படும் பழுதுநீக்கம் பொருட்செலவாக முடியுமேயன்றி ஈரத்தை நிறுத்தாது.

முதல் வழி நிலம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல, செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்புழைகள் வழியே நிலத்தடி நீர் மேலேறும். காவிரிப் படுகையில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இவ்வகை ஈரம் சுவரின் அடியிலிருந்து ஏறக்குறைய இடுப்பளவு உயரம்வரை பட்டையாகத் தெரியும். பட்டையின் மேல்விளிம்பில் உவர் வெண்மையாகப் பூத்திருக்கும்.

இரண்டாம் வழி கூரை. உடைந்த ஓடு, விரிசல் கண்ட தளம், அடைபட்ட மழைநீர்க் குழாய் ஆகியவற்றின் வழியே இறங்கும் நீர், மேற்சுவரிலும் உட்கூரையிலும் பழுப்புத் திட்டுகளாகத் தோன்றும். மழை பெய்தால் பெருகும். மழை ஓய்ந்தால் சுருங்கும்.

மூன்றாம் வழி காற்று. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும்போது அதிலுள்ள நீராவி நீராக மாறிப் படிகிறது. அறையின் மூலைகளிலும், சுவரை ஒட்டி நிறுத்திய அலமாரியின் பின்புறத்திலும், காற்றோட்டமற்ற பரணிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் தோன்றுவது இவ்வழியால்தான். இங்கு உவர் பூப்பதில்லை.

நான்காம் வழி நாமே. சமைத்தல், குளித்தல், துணி உலர்த்துதல், மூச்சுவிடுதல் ஆகிய அன்றாடச் செயல்களால் ஒரு குடும்பம் நாள்தோறும் பல லிட்டர் நீரை ஆவியாக வீட்டுக்குள் சேர்க்கிறது. மழைநாளில் சன்னல்களை அடைத்துக்கொண்டு, ஈரத்துணிகளைப் படுக்கையறையின் கொடியில் விரிக்கும்போது அந்நீர் முழுவதும் அறைக்குள்ளேயே தங்குகிறது.

> தெரிந்து தெளிவோம்
> 30 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று, ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அக்காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு எனில், அதில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி உள்ளது. 26 பாகையில் காற்றால் தாங்கக்கூடிய பேரளவும் ஏறத்தாழ அதுவே. ஆகவே, 30 பாகையிலுள்ள அக்காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும். கடலோரத்தில் குளிரூட்டப்பட்ட அறையின் சன்னலைத் திறந்து வைத்தால், உள்ளே நுழையும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் நீராகப் படிவது இதனால்தான்.

உப்பு செய்யும் வேலை

அடுக்களையிலுள்ள உப்புச் சாடியை மழைக்காலத்தில் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். கோடையில் பொலபொலவென்று உதிரும் உப்பு, ஐப்பசி, கார்த்திகையில் நீர்விட்டுக் கசிகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால், சோற்றுப்பு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரைகிறது. இவ்வகையில் உப்புச் சாடி நம் பாட்டியர் வைத்திருந்த ஈரமானி எனலாம்.

சாடியில் நிகழ்வதே சுவரிலும் நிகழ்கிறது. கடற்காற்று சுமந்து வரும் உப்பு, உவர்நீரில் குழைத்த சாந்திலுள்ள உப்பு, கழுவாத கடல்மணலில் ஒட்டியுள்ள உப்பு ஆகியவை சுவருக்குள் தங்கிவிடுகின்றன. ஈரநாள்களில் அவை காற்றிலிருந்து நீரை ஈர்த்துச் சுவரை நனைக்கின்றன. வெயில் நாள்களில் நீர் ஆவியாகிவிட, உப்பு மீண்டும் படிகமாகிறது. படிகம் உருவாகும்போது எழும் அழுத்தம், பூச்சைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்க்கிறது. கற்காரைக்குள் புகும் உப்பு அதிலுள்ள இரும்புக் கம்பியைத் துருவேறச் செய்கிறது. துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால் கற்காரை பிளந்து, கூரையிலிருந்து காரைத் துண்டுகள் விழுகின்றன.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுசென்ற கடல்நீர் சில மணி நேரத்தில் வடிந்தது. அது புகுந்த சுவர்களில் உப்பு தங்கியது. அத்தகைய சுவர் மழையே இல்லாத நாளிலும் நனைந்து தோன்றக்கூடும். மேலே எத்தனை முறை வண்ணம் பூசினாலும், உள்ளே உள்ள உப்பை நீக்காதவரை அந்த ஈரம் தீராது.

மூச்சுவிடும் சுவர்

பழைய வீடுகளைக் கட்டியோர் ஈரத்தை முற்றிலும் தடுத்துவிட எண்ணவில்லை. வந்த ஈரம் விரைந்து வெளியேற வழி செய்தனர். தெருவிலிருந்து படியேறிச் செல்லும்படி தரையை உயர்த்தினர். மரத்தூண் தரையிலுள்ள ஈரத்தை உறிஞ்சாதபடி அதன் அடியில் கல்லை வைத்தனர். தாழ்வாரம் இறக்கிச் சுவரில் சாரல் படாமல் காத்தனர். வீட்டின் நடுவே வானம் நோக்கிய முற்றம் வெயிலுக்கும் காற்றுக்கும் வாயிலாயிற்று. நெல் சேமிக்கும் பத்தாயத்தைக் கால்கள்மீது நிறுத்தித் தரையிலிருந்து உயர்த்தினர்.

இவ்வமைப்பின் உயிர்நாடி சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் நிறைந்தது. சுவருக்குள் புகுந்த நீர் அத்துளைகளின் வழியே ஆவியாக வெளியேறுகிறது. இதனையே 'சுவர் மூச்சுவிடுகிறது' என்பர். புதிதாக அடித்த சுண்ணாம்பு வலிமையான காரத்தன்மை உடையது. அதன்மீது பூஞ்சணம் எளிதில் வளர்வதில்லை. நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது, காரத்தன்மையும் குறைகிறது. ஆதலால் அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

இங்கு நம் வழக்கமொன்றின் பொருத்தம் விளங்கும். காவிரிப் படுகைக்கு மழை தருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று. அம்மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் போகி வருகிறது. வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்து, ஒட்டடை அடித்து, பழையன கழித்து, சுவருக்கு வெள்ளையடித்துப் பொங்கலை வரவேற்கிறோம். மழை மாதங்களில் படிந்த பூஞ்சணத்தை நீக்குவதற்கு இதனினும் ஏற்ற காலம் இல்லை.

பழைமையில் குறையே இல்லை என்பது இதன் பொருளன்று. சுண்ணாம்புப் பூச்சு மெல்ல உதிரும். ஓட்டை ஆண்டுதோறும் மாற்றி அடுக்க வேண்டும். ஆள்வலியும் நேரமும் குறைந்த இக்காலத்தில் மக்கள் சிமெண்டை நாடியது இயல்பே. ஆயினும், சுண்ணாம்பால் கட்டிய பழஞ்சுவரின்மீது சிமெண்டைப் பூசும்போது கேடு விளைகிறது. அடர்ந்த சிமெண்டுப் பூச்சின் வழியே ஈரம் எளிதில் வெளியேற இயலாது. அது சுவருக்குள் மேலும் உயரத்திற்கு ஏறுகிறது, உப்பும் உடனேறுகிறது. முன்பு இடுப்பளவில் நின்ற ஓதம் தோளளவிற்கு உயர்ந்து, பூச்சோடு செங்கல்லும் பொடியாகிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் அதனை மீண்டும் பூசலாம். பூச்சு தான் உதிர்ந்து செங்கல்லைக் காக்கிறது. செங்கல் உதிர்ந்தால் சுவரே போய்விடும்.

ஆழிப்பேரலைக்குப் பின், கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளையாகிய 'இன்டாக்' தரங்கம்பாடியில் பழைய வீடுகள் சிலவற்றைச் சீரமைத்தது. டேனிய ஆளுநர் மாளிகையும் தமிழக அரசு, டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் ஆகியவற்றின் முயற்சியால் புதுவாழ்வு பெற்றது. இத்தகைய பணிகளில் சுண்ணாம்புச் சாந்து மீண்டும் இடம்பெற்றமை, மரபின்மீது கொண்ட பற்றினால் மட்டும் நேர்ந்ததன்று. சுவரின் இயல்பு அதனையே வேண்டுகிறது.

உடலும் உணவும் ஏடும்

ஈரமான வீடு உடல்நலத்தைக் கெடுக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட செய்தி. வீட்டு ஈரமும் பூஞ்சணமும் குறித்து உலக நலவாழ்வு நிறுவனம் 2009-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அத்தகைய வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுத்தொல்லைகள், சுவாசத் தொற்றுகள் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், ஆஸ்துமா தீவிரமடையும் என்றும் அது எடுத்துரைத்தது. இவ்வளவு பூஞ்சணம் வரை தீங்கில்லை என்று வரையறுக்க இயலாது. ஈரத்தையே தவிர்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம். குழந்தைகளும் முதியோரும் ஒவ்வாமை உடையோரும் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

உணவில் வளரும் பூஞ்சணம் வேறுவகையான தீங்கை உடையது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றின் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை உண்டாக்கிய அஃபிளடாக்சின் என்னும் நஞ்சே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய இந்நஞ்சு, வழக்கமான சமையலின் வெப்பத்தால் முற்றாக அழிவதில்லை. எனவே பூஞ்சணம் பிடித்த கடலையையோ தானியத்தையோ கழுவி, வறுத்துப் பயன்படுத்துதல் கூடாது. காவிரிப் படுகை உழவர் நெல்லின் ஈரப்பதத்தைப் பற்றி நன்கு அறிவர். நேரடி நெல் கொள்முதலுக்குரிய வரம்பு 17 விழுக்காடு. நெடுநாள் சேமிக்க அதனை 14 விழுக்காடு அளவிற்கு உலர்த்துதல் நன்று.

நம் அறிவுச் செல்வத்தையும் ஈரம் விட்டுவைப்பதில்லை. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி 1715-இல் நிறைவுற்றது தரங்கம்பாடியில்தான். அச்சுத்தாளும் பனையோலையும் ஈரத்திற்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகக் கூடியவை. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசப்படுகிறது. அது ஓலைக்கு நெகிழ்ச்சி தந்து பூச்சியையும் தடுக்கிறது. சுவடிகளைத் திறந்து, துடைத்து, காற்றாட வைக்கும் இடைவிடாத கவனமே அங்கே முதன்மையான மருந்து. நம் வீட்டிலுள்ள நிலப்பத்திரத்திற்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் அதே கவனம் வேண்டும். ஈரத்தோடு அவற்றை நெகிழிப் பையில் இட்டு இறுகக் கட்டினால், பூஞ்சணத்திற்கு நாமே அறை அமைத்துத் தந்தவர்களாவோம். நன்கு உலர்ந்த வெயில் நாளில் எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, உலர்ந்தபின் மூடி வைத்தல் நலம்.

நாம் செய்ய வேண்டுவன

ஈரத்தைத் தவிர்க்கப் பெரும்பொருள் தேவையில்லை. பெரும்பாலானவை பழக்கத்தால் அமைவன.

மழை தொடங்குமுன் ஓடுகளையும் தளத்து விரிசல்களையும் சரிசெய்து, நீர்க்குழாயில் அடைந்துள்ள இலைச்சருகுகளை நீக்க வேண்டும். சுவரோரத்தில் மழைநீர் தேங்காதபடி தரையைச் சாய்வாக அமைக்க வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஆவி உடனே வெளியேற வழி இருத்தல் வேண்டும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட வேண்டும்.

சன்னலை எப்போதும் திறந்து வைப்பதே நல்லது என்பது கடலோரத்திற்கு முற்றும் பொருந்தாது. விடியற்காலையிலும் மழை பெய்யும்போதும் வெளிக்காற்றின் ஒப்பு ஈரப்பதம் மிகுந்திருக்கும். வெயிலேறிய பின் அது குறையும். அலமாரிகளையும் பெட்டிகளையும் திறந்து காற்றாட விடுவதற்கு அந்நேரமே ஏற்றது. பாச்சை உருண்டை பூச்சியை விரட்டுமேயன்றி ஈரத்தை உறிஞ்சாது. சாம்பிராணிப் புகை வாடையை மறைக்கும், பூஞ்சணத்தை நீக்காது.

தோன்றிவிட்ட பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தல் கூடாது. வித்துகள் அறை முழுவதும் பரவிவிடும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, அவ்விடத்தை நன்கு உலர்த்த வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துவோர் அதனுடன் கழிவறை தூய்மையாக்கும் அமிலத்தைக் கலத்தல் கூடாது. நச்சு வாயுவாகிய குளோரின் வெளிப்படும். பூஞ்சணத்தின்மீது நேரடியாக வண்ணம் பூசுவது, புண்ணை ஆற்றாமல் துணியால் மூடுவதற்கு ஒப்பாகும்.

நிறைவாக

கடலோரத்தில் வாழ்வோர் கடலைத் தள்ளிவைக்க இயலாது. வருவதை அறிதல், வந்ததை விரைந்து வெளியேற்றுதல், ஆண்டுதோறும் புதுப்பித்தல் ஆகிய மூன்றுமே அவர்களுக்குக் கைகண்ட வழிகள். நான்கு நூற்றாண்டுகளாக ஒரு கோட்டை கடலெதிரே நிற்கிறதெனில், கட்டியவர்களோடு அதனை மீண்டும் மீண்டும் செப்பனிட்டவர்களும் அதற்குக் காரணமாவர். நம் வீட்டுச் சுவரும் அத்தகைய கைகளையே எதிர்நோக்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உப்புச் சாடியை ஒரு மாதம் நாள்தோறும் உற்றுநோக்கி, உப்பு கசிந்த நாள்களையும் அன்றைய வானிலையையும் அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஈரம் காணப்படும் ஓரிடத்தைத் தேர்ந்து, அது நான்கு வழிகளுள் எதனால் வந்தது என்பதைக் காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் ஊரிலுள்ள கொத்தனார் ஒருவரைக் கண்டு, சுண்ணாம்பு, சாந்து, பூச்சு தொடர்பான தொழிற்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.